நன்றி சொல்ல வேண்டாம்

வெதுரியா மேடத்துக்கு மாடிப்படி ஆகாது. அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்குவதை மறைக்க என்னைத் திட்டுவார். அன்று ஏற வேண்டியது நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. நான்கு முறை திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

ஆனால் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டார். வாசல் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

'நிலவறையிலிருந்து கரண்ட் திருடும் கனவானுக்கு: நான் பிடித்தால் அந்தக் கை உங்களுடையதாக இருக்காது. இப்படிக்கு, கட்டட நிர்வாகி.' அதன் கீழே யாரோ பென்சிலால், 'முதலில் வாசல் கதவை ரிப்பேர் செய்' என்று எழுதியிருந்தார்கள்.

"மேடம், போன மாசம் பாத்த வாத்து வியாபாரி கேஸை விட இது நல்லா இருக்கு. இதையே எடுத்துக்கலாமா?"

"வாயை மூடிட்டு ஏறு, குலாய்."

குலாய் என்பது நான்தான். யாஷ் நகரத்தில் வெதுரியா ஹாஜியு துப்பறியும் நிலையத்தின் உதவியாளன், கார் ஓட்டி, காபி போடுகிறவன், சம்பளம் வருமா என்று முதல் தேதியில் துப்பறிகிறவன். மேடம் சுங்க இலாகாவில் இருபது வருஷம் பெட்டிகளை முறைத்தவர். சிகரெட்டை விட்டதிலிருந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார். அவர் போன வழியை யார் வேண்டுமானாலும் தோலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான்காம் மாடியில் மணியடித்தோம். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"கையில மெழுகுவர்த்தி இருக்கா?"

"இல்லம்மா. சூரியகாந்தி விதைதான் இருக்கு," என்றேன் நான்.

"அப்ப வாங்க."

அக்லாயா அம்மாள் கதவைத் திறந்தார். குட்டையான உருவம், மாவு ஒட்டிய ஏப்ரன், முட்டிக்கு மேல் கம்பளித் துணி கட்டியிருந்தார். "தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கு மூத்தோர் சனிக்கிழமை, செத்தவங்களை நினைக்கற நாள். காலைலேருந்து அக்கம்பக்கத்துக்காரங்க ரொட்டியும் மெழுகுவர்த்தியுமா கதவைத் தட்டறாங்க. அவங்க வீட்டுல செத்தவங்க இருக்கலாம். இந்த வீட்டுல யாரும் இல்ல. அந்தச் சுடரை நான் வாசல் தாண்ட விட மாட்டேன்."

சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து ஒரு தட்டு உப்புநீர் வெள்ளரிக்காய் வைத்தார். கடித்தேன். கடிக்க அங்கே ஒன்றும் இல்லை. பல் பட்டதும் கூழாகிப் போனது.

"கெட்டுப்போச்சு, தெரியும்," என்றார் அவர் என் முகத்தைப் பார்த்து. "இந்தக் கட்டடத்துலயே என் ஊறுகாய்க்குத்தான் பேர். பிள்ளை போனதுலேருந்து என் கை ராசியும் போச்சு. மூணு குளிர்காலமா இப்படித்தான். முட்டி வலியில நான் கீழ இறங்கறதே இல்ல. இவர்தான் பீப்பாயிலேருந்து எடுத்துட்டு வர்றார்."

'இவர்' சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிந்திலியே பெரியவர். ட்ராம் வண்டிகளுக்கு மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஒரு பிளக்கைப் பிரித்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் மேடம்.

அக்லாயா அம்மாள் சொன்னார். மகன் பெயர் டோரு. முப்பது வயது. கம்பெனிகள் கைவிட்ட பழைய போன்களுக்கு, சொந்தமாக ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டிக் கொடுப்பவன். காசு வாங்க மாட்டான். யாஷில் பென்ஷன் வாங்குகிறவர்களில் பாதிப்பேரின் போன் இன்னும் பேசுகிறதென்றால் அது அவன் கைவேலை. மூன்று குளிர்காலத்துக்கு முன், சாஹ்லாவ் மலைக்குப் போகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பனிப்புயல் வந்தது. தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

"கிடைக்க மாட்டான். மலைக்குப் போனாத்தானே கிடைப்பான்? அன்னிக்குக் காலைல அப்பனும் பிள்ளையும் உள்ள கத்தின கத்து எனக்கு இங்க கேட்டுது. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். இந்த மனுஷன் துரத்திட்டார்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஏ மனுஷா! துரத்தினியா இல்லியா? வந்தவங்க கிட்ட சொல்லு."

"ஆமா," என்றார் பெரியவர், பிளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான்தான் துரத்தினேன்."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் வெள்ளரியை விழுங்கினேன்.

"உயிரோட இருக்கான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மேடம்.

அக்லாயா அம்மாள் ஏப்ரன் பையிலிருந்து தன் பழைய போனை எடுத்தார். "கொஞ்ச நாள் சத்தமே இல்லாம இருந்தான். அப்புறம் அந்த வருஷ இலையுதிர் காலத்துலேருந்து புதுசு புதுசா அனுப்பறான். இன்னிக்குக் காலைலயும் வந்திருக்கு, பாருங்க."

திரையில் அப்டேட் வந்திருப்பதாக ஒரு கட்டம். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'புதியது. எல்லோருக்கும். நன்றி சொல்ல வேண்டாம்.' அடியில் 'டோரு' என்று பெயர்.

"இன்னும் ஏத்தல," என்றார் அவர், போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "ஏத்திட்டேன்னா அடுத்தது வர்ற வரைக்கும் ஒண்ணும் இருக்காது. சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் ஏத்துவேன்."

நான் தட்டிலிருந்து இன்னொரு கூழ் வெள்ளரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"நன்றி வேண்டாமாம். பையனுக்கு என்ன கொழுப்பு பாருங்க," என்றேன் சும்மா சிரிக்க வைக்க. "என் போன்லயும் இதேதான் ஓடுது. மேடம் குடுக்கற சம்பளத்துக்குப் புதுப் போன் ஏது?"

"அவன் அப்படித்தான் கண்ணு. மூஞ்சிக்கு நேரா நன்றி சொன்னா ஓடிப் போயிடுவான்." போனை அணைத்து மறுபடி போட்டுக் காட்டினார். கருந்திரையில் சின்னதாக ஒரு சுடர் எழுந்து ஆடியது. "முன்னாடியெல்லாம் போனைப் போட்டா ஒரு நாரை பறக்கும். இப்ப இதை வெச்சிருக்கான். எங்கயோ குளிர்ற ஊர்ல இருக்கான். அதான் நெருப்பு ஞாபகம்."

ஜன்னலோரத்தில் பிளக் கீழே விழுந்தது. பெரியவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"ஈஸ்டருக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க," என்றார் அக்லாயா அம்மாள். "என்னைத் திட்டட்டும், பேசாம இருக்கட்டும், வந்து வாசல்ல நின்னாப் போதும். தினம் அவன் படுக்கையை விரிக்கறேன், காலைல மடிக்கறேன். கை வலிக்குதும்மா."

மேடம் யாருக்கும் சட்டென்று வாக்குக் கொடுப்பவர் அல்ல. அன்று கொடுத்தார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

---

டோருவுடன் சேர்ந்து வேலை பார்த்தவள் ருக்சாந்த்ரா. சிவப்புப் பாலத்துப் பக்கம் ட்ராம் நிறுத்தத்தை ஒட்டி போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். ஆறடி நீளக் கடை. அவள் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் நிற்க வேண்டும், வாடிக்கையாளர் உட்கார்ந்தால் ஒருவரும் உள்ளே வர முடியாது.

"உயிரோடதான் இருக்கான்," என்றாள் எடுத்த எடுப்பில். "எனக்கு ஒரு வார்த்தை எழுத மாட்டான். ஊர்ல இருக்கற ஓட்டைப் போனுக்கெல்லாம் எழுதுவான்."

சொல்லிவிட்டு ஒரு போனின் முதுகைத் தேவைக்கு மேல் பலமாகத் திறந்தாள். அதில் எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"வேற யாராவது அவன் பேர்ல கட்டலாமில்லியா?" என்றார் மேடம்.

"கட்டறதுன்னா என்னன்னு தெரியுமா ஆன்ட்டி? மூலத்துலேருந்து எல்லாத்தையும் இறக்கணும், அதுக்கே ஒரு ராத்திரி போயிடும். அப்புறம் இந்த மாடல் போனுக்குன்னு உள்ளதைத் தனியாத் தேடிச் சேக்கணும். அப்புறம் மெஷினைக் கட்டச் சொல்லிட்டு உக்காரணும். பழைய மெஷின்னா நாள் பூரா ஓடும். ஒரு கமா தப்பினாப் போதும், பாதியில நின்னு மூஞ்சியில துப்பும். ஒருக்கா நான் இந்தக் கடையில கட்டினேன். அந்தக் குளிர்லயும் ஹீட்டரே போடல. மெஷின் அப்படிக் கொதிச்சுது."

"கஷ்டமான வேலைதான். ஆனா கத்துக்கிட்டாச் செய்யலாம்."

"செய்யலாம். டோருவே நெட்ல ஒரு பக்கம் போட்டுச் சொல்லிக் குடுத்திருக்கான்." அவள் திரையைத் திருப்பினாள். டோரு எழுதிய வழிகாட்டி. முதல் வரியே சிரிப்பு: 'பயப்படாதீர்கள். இதை என் அப்பாவாலேயே செய்ய முடியும். அவர் இன்னும் மவுஸை எலி என்றுதான் சொல்கிறார்.'

"ஆனா விஷயம் அதில்ல," என்றாள் ருக்சாந்த்ரா. "கட்டி முடிச்சதும் சாவி, அதாவது ஒரு ரகசியக் குறியீடு, போட்டுப் பூட்டணும். பழைய சாவியும் புதுச் சாவியும் ஒண்ணா இருந்தாத்தான் போன் ஏத்துக்கும். அந்தச் சாவி ஒரு சின்ன மெமரி ஸ்டிக்ல இருக்கு. அதை அவன் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டிருப்பான். குளிக்கறப்பக்கூடக் கழட்ட மாட்டான்."

சொன்ன பிறகு அவள் முகம் சிவந்தது. மேடம் பெருந்தன்மையாக ஒரு விதையைக் கடித்தார்.

"ஆக, இப்ப சாவியை வெச்சிருக்கறவன் ஒண்ணு டோரு," என்றார் மெல்ல. "இல்லன்னா டோருவைக் கடைசியாப் பாத்தவன்."

கடைக்குள் குளிர் சட்டென்று ஏறினாற்போல இருந்தது. ருக்சாந்த்ரா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"அவன் கட்டறதுல முன்னைக்கு இப்ப என்ன வித்தியாசம்?" என்றார் மேடம்.

"நாரை போய்ச் சுடர் வந்திருக்கு. அப்புறம், சனிக்கிழமை. அவன் சனிக்கிழமை மெஷினைத் தொட மாட்டான், மலைக்கு ஓடிடுவான். இப்ப வருஷத்துக்கு நாலஞ்சு தடவைதான் வருது, வந்தா சனிக்கிழமைதான். அப்புறம் மெஷினும் வேற. எந்த மெஷின்ல கட்டினாங்கன்னு உள்ளயே பதிஞ்சிருக்கும். அவன் மெஷினுக்குக் 'கூடு'ன்னு பேர் வெச்சிருந்தான். இப்ப வர்றதுல 'பொக்ஸா'ன்னு இருக்கு."

"பொக்ஸான்னா பாட்டுப் பெட்டி," என்றேன் நான். "ஸ்பீக்கர். பையன் எங்கயோ டிஸ்கோவுல இருக்கான் மேடம். கடலோரம் போய்த் தேடலாம், செலவு கிளையன்ட் கணக்குல."

மேடம் சிரிக்கவில்லை. காருக்கு வந்ததும், "திரும்ப அந்த வீட்டுக்கு விடு," என்றார்.

"அப்பாதானே? நானும் அதையேதான் நினைச்சேன். சண்டை போட்டார், துரத்தினேன்னு அவரே சொல்றார், கடைசியாப் பாத்தவரும் அவர்தான். கழுத்துல இருந்த சாவி..."

"வண்டியை ஓட்டு, குலாய்."

---

வாசல் பலகையைத் தாண்டியதும் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்மணி என் கையில் ஒரு தட்டைத் திணித்தார். பின்னல் ரொட்டி, பூப்போட்ட புதுக் கோப்பை, ரொட்டியில் செருகி ஏற்றிய மெழுகுவர்த்தி. "என் இலாரியோன் பேர்ல, தம்பி."

காலையிலிருந்து அந்தக் கூழ் வெள்ளரி மட்டும்தான் வயிற்றில் இருந்தது. "ரொம்ப நன்றிம்மா!" என்று ரொட்டியைப் பிய்த்தேன்.

என் மணிக்கட்டில் சுள்ளென்று ஓர் அடி விழுந்தது.

"நன்றியா! எந்த ஊர்ல வளந்தே? நன்றின்னு சொன்னா அது எனக்கு வந்துட்டுப் போச்சு. அவருக்கு என்ன போய்ச் சேரும்? வாங்கினா என்ன சொல்லணும்னு உங்கம்மா சொல்லித் தரலியா?"

"போக்தாப்ரோஸ்தே," என்றேன் அவசரமாக. ஆண்டவன் இறந்தவரை மன்னிக்கட்டும் என்று அர்த்தம். செத்தவர் பேரில் கொடுத்ததை வாங்குகிறவன் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கொடுத்தது அந்தப் பக்கம் போகும்.

"அது!" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம், சாப்பாடு போட்டு அடிக்கறாங்க..." என்று திரும்பினேன். மேடம் நின்ற இடத்திலேயே நின்றார். வாயிலிருந்த விதையைக் கடிக்கக்கூட இல்லை.

"குலாய். இன்னொரு தடவை சொல்லு. அவங்க என்ன சொன்னாங்க?"

"நன்றி சொல்..." நான் நிறுத்தினேன்.

சொல்ல வேண்டாம்.

என் கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. போனைப் போட்டதும் எழும் சின்னச் சுடர். சனிக்கிழமைகள். மூத்தோர் சனிக்கிழமைகளும் வருஷத்துக்கு நாலைந்துதான். அடியில் எழுதிய பெயர் கொடுத்தவன் பெயரே இல்லை, யார் பேரில் கொடுக்கிறோமோ அவன் பெயர். புதியது, எல்லோருக்கும், டோரு.

"மேடம்," என்றேன். "அப்படின்னா டோரு..."

"ஆமா." அவர் பலகையைப் பார்த்தபடி பேசினார். "பொக்ஸான்னா பாட்டுப் பெட்டி மட்டுமா, குலாய்? உன் கட்டடத்துல நிலவறையில ஆளுக்கொரு பலகைத் தடுப்பு இருக்குமே, பழைய சைக்கிளும் ஊறுகாய்ப் பீப்பாயும் போட்டு வைக்க. அதை என்னன்னு சொல்லுவே?"

"பொக்ஸா," என்றேன்.

"கரண்ட் நிலவறையிலேருந்துதான் போகுது. ஊறுகாயும் அங்கதான் கெடுது. குளிர்ல இருக்க வேண்டிய பீப்பாய் நாள் பூராச் சூட்டுல இருந்தா, எவ்வளவு ராசிக் கையா இருந்தாலும் கூழாத்தான் போகும்."

துப்பு துலங்கினால் மேடம் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம். அன்று தட்டவில்லை.

---

நிலவறை வெதுவெதுவென்று இருந்தது. வெளியே பிப்ரவரி, உள்ளே மே மாதம். கடைசித் தடுப்பின் பலகை இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. விசிறிகளின் இரைச்சல் கேட்டது.

பிந்திலியே பெரியவர் ஒரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அலமாரியில் மூடி கழற்றிய ஒரு பழைய மெஷின். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் பீப்பாய். அதன் மேல், ஜாம் பாட்டிலுக்குள் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

எங்களைப் பார்த்து அவர் எழுந்திருக்கவில்லை. "நிர்வாகிக்குச் சொல்லிடாதீங்க," என்றார். "காசு நான் குடுத்துடறேன்."

"சாவி எங்க கிடைச்சுது, பிந்திலியே அண்ணே?" என்றார் மேடம். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெரியவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினார். நுனியில் ஒரு சின்ன மெமரி ஸ்டிக். "அவன் கழுத்துல. ஜூன் மாசம், பனி உருகினப்புறம் ஆடு மேய்க்கறவங்க பாத்தாங்க. போலீசுக்கு என் நம்பர்தான் குடுத்திருந்தேன். அண்ணன் வீட்டுக்குச் செர்ரி பறிக்கப் போறேன்னு அக்லாயா கிட்ட சொல்லிட்டுப் போனேன். மலையடியிலயே ஒரு கோயில் இருக்கு, அங்க மண்ணுல வெச்சுட்டு வந்தேன். வர்ற வழியில சந்தையில ஒரு கூடை செர்ரி வாங்கினேன், பொய் பொய்யாப் போகக் கூடாதுன்னு. அவ ஜாம் போட்டா. குளிர்காலம் பூரா அதை நான் தின்னேன்."

மெஷின் இரைந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் சொல்லல?" என்றார் மேடம்.

"சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறந்தா, அவன் படுக்கையை விரிச்சுக்கிட்டிருந்தா. நான்தான் துரத்தினேன்னு அன்னிக்கும் திட்டினா. கோவிச்சுக்கிட்டுப் போனவன்னா திரும்பி வரலாம்ல, அம்மா? அவ என்னைத் திட்டற வரைக்கும் அவன் எங்கயோ இருக்கான். திட்டட்டும்னு விட்டுட்டேன்."

"சண்டை?"

"என்ன சண்டை? எலியை எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிக் குடுத்தான். எனக்கு வரல. கத்திக் கத்திச் சிரிச்சான், நானும் கத்தினேன். சமையலறையிலேருந்து கேட்டா அது சண்டை மாதிரிதான் இருந்திருக்கும். கிளம்பறப்ப அவன் பூட்ஸுக்கு நான்தான் கொழுப்புத் தடவிக் குடுத்தேன்." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "வீட்டுல அவன் பேருக்கு ஒரு ரொட்டி குடுக்க முடியல. ஒரு மெழுகுவர்த்தி ஏத்த முடியல. செத்துப்போன பிள்ளை வெறுங்கையோட அங்க நிக்கறான். அவனோடதுன்னு குடுக்க என்ன இருக்கு? இது ஒண்ணுதான். அவன் எழுதின பக்கத்தை எடுத்துப் பாத்தேன். என் அப்பாவாலேயே முடியும்னு போட்டிருந்தான்."

அவர் கயிற்று நுனியிலிருந்த மெமரி ஸ்டிக்கை விரலால் திருப்பினார்.

"என் பிள்ளை அப்படி எழுதி வெச்சிருக்கறப்ப, முடியாதுன்னு நான் எப்படிச் சொல்றது? எத்தனை தடவை பாதியில நின்னுது தெரியுமா. இலை உதிர்ற வரைக்கும் ஆச்சு கட்டி முடிக்க. இப்ப ஒரு மாடல் முடிஞ்சா அடுத்தது, மெஷினை அணைக்கறதே இல்ல."

"எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க அண்ணே. இவன் போன்லகூட இருக்கு," என்றார் மேடம் என்னைக் காட்டி.

"வாங்கினாங்க. ஒருத்தர் கூட அந்த வார்த்தையைச் சொல்லலியே." பெரியவர் முகத்தைத் துடைக்கக்கூட முயலவில்லை. "எப்படிச் சொல்வாங்க? எதுக்குக் குடுக்கறேன்னு எழுதினாத்தானே சொல்வாங்க? எழுதினா அக்லாயா படிச்சுடுவா. நன்றி மட்டும் சொல்லாதீங்கன்னு எழுதினேன். மூணு வருஷமாக் குடுத்தும் அவனுக்கு ஒண்ணும் போய்ச் சேரல."

அதைத் தாங்க முடியவில்லை எனக்கு. சொல்லிவிடலாம், இவ்வளவுதானே, ஒரு வார்த்தை. போனைக் கையில் எடுத்து வாயைத் திறந்தேன். மேடம் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ முதல்ல சொல்லக்கூடாது," என்றார். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்லாயா அம்மாள் நின்றார். ஏப்ரனில் மாவு, காலில் வீட்டுச் செருப்பு. எங்கள் கார் வந்ததை ஜன்னலில் பார்த்திருக்கிறார். மேலே யாரும் வராததால், மூன்று வருஷமாக இறங்காத படிகளை ஒவ்வொன்றாக இறங்கி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது.

பெரியவர் எழுந்தார், கூடை உருண்டது.

"பூட்ஸ் போட்டிருந்தானா?" என்றார் அக்லாயா அம்மாள்.

"போட்டிருந்தான்."

"சாக்ஸ்?"

"நீ பின்னினது. சாம்பல் கலர்."

"ரெண்டு கால்லயுமா?"

"ரெண்டு கால்லயும், அக்லாயா."

அவர் தலையாட்டினார். உள்ளே வந்து பீப்பாயின் மேல் கையை வைத்தார். அது சூடாக இருந்தது. கையை எடுக்காமலே நின்றார்.

"அந்தச் செர்ரியா?" என்றார்.

"ஆமா."

"தனியாவா போய் வெச்சே?"

"பாதிரியார் இருந்தார். ஆடு மேய்க்கறவங்க ரெண்டு பேர் குழி தோண்டினாங்க."

"ஏ மனுஷா," என்றார். திட்டுவதற்காக மூன்று வருஷம் கூப்பிட்ட அதே கூப்பாடுதான். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. "உன்னை நான் என்னவெல்லாம் சொல்லிட்டேன், ஏ மனுஷா."

பெரியவர் கையை நீட்டினார். அக்லாயா அம்மாள் அதைப் பிடிக்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்து அந்தக் கையில் வைத்தார். சாயங்காலம் வரை ஏற்றாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க நினைத்த அப்டேட் அப்படியே இருந்தது.

"ஊருக்கெல்லாம் குடுத்தியே. எனக்குக் குடு. முறையாக் குடு."

பெரியவர் விரல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை சரியான இடத்தைத் தொட்டது. திரை இருண்டு, சின்னதாக அந்தச் சுடர் எழுந்தது. ஜாம் பாட்டிலை இடக்கையில் எடுத்துக்கொண்டு, போனை வலக்கையில் ஏந்தி, மனைவியிடம் நீட்டினார்.

"டோரு பேர்ல," என்றார்.

அக்லாயா அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார், வரவில்லை. மறுபடி திறந்தார். அந்த வார்த்தையைச் சொன்னால் இன்று ராத்திரி படுக்கை விரிக்க வேண்டியதில்லை. அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"போக்தாப்ரோஸ்தே," என்றார்.

மேடம் என் முழங்கையை விட்டார். அதன் பிறகு நானும் சொன்னேன்.